தூக்குமேடை ஏறிய எழுத்தாளர் கென் சாரோ-விவா

1995-ம் ஆண்டு நவம்பர் 10-ந் தேதி, வெள்ளிக்கிழமை. நைஜீரியா நாட்டில் போர்ட் ஹார்கோர்ட் நகரச் சிறைச்சாலையில் ஒன்பது பேர் தூக்கிலிடப்பட்டார்கள். அவர்களில் ஒருவர் அந்த நாடே அறிந்த எழுத்தாளர். அவர் எழுதிய நகைச்சுவை நாடகத்தை டெலிவிஷனில் பார்த்துக் கோடிக்கணக்கான மக்கள் வாரந்தோறும் சிரித்திருந்தார்கள். குள்ளமான உருவம். வாயில் எப்போதும் ஒரு புகைக்குழாய். வயது 54. பெயர் கென் சாரோ-விவா.

நான்கு பேர் கொலை செய்யப்பட அவர் தூண்டுகோலாக இருந்தார் என்பது ராணுவ அரசாங்கத்தின் குற்றச்சாட்டு. அதை உலகில் அநேகமாக யாரும் நம்பவில்லை. தம் ஜனங்களின் மண்ணிலிருந்து எடுத்த எண்ணெய்க்கும், அந்த மண்ணைப் பாழாக்கியதற்கும் அவர் கணக்குக் கேட்டார். அதற்காகத்தான் அவர் கழுத்தில் கயிறு விழுந்தது என்றே ஊர் பேசியது.

கிழங்கு விளைந்த பூமி

ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையில் இருக்கிறது நைஜீரியா. அந்தக் கண்டத்திலேயே ஜனத்தொகை மிகுந்த நாடு. 250-க்கும் மேற்பட்ட இனத்தார் வாழ்கிறார்கள். ஆனாலும் ஹௌசா-ஃபுலானி, யொரூபா, இக்போ என்ற மூன்று பெரிய இனங்களின் கைதான் ஓங்கியிருக்கும். நைஜர் என்னும் பெரிய ஆறு பல கிளைகளாகப் பிரிந்து கடலில் கலக்கும் கழிமுகப் பகுதியில் பல சிறிய இனங்கள் வாழ்கின்றன. அவற்றில் ஒன்று ஓகோனி. சுமார் 400 சதுர மைல் நிலம். ஏறக்குறைய ஐந்து லட்சம் ஜனங்கள். வள்ளிக்கிழங்கும் மரவள்ளியும் பயிரிடுவார்கள். ஓடைகளில் மீன் பிடிப்பார்கள். அலையாத்திக் காடுகளின் சேற்றில் நண்டும் நத்தையும் பொறுக்குவார்கள். பணம் அதிகம் புழங்காத ஊர்தான். ஆனால் பட்டினி கிடந்த ஊர் அல்ல.

அங்கே போரி என்ற ஊரில் 1941-ம் ஆண்டு அக்டோபர் 10-ந் தேதி கென் பிறந்தார். தந்தை ஜிம் விவா வனக்காவலராக இருந்தவர். ஊரில் மதிப்புள்ள தலைக்கட்டு. கென் மூத்த பிள்ளை. படிப்பில் கெட்டிக்காரர். உபகாரச் சம்பளம் பெற்று, உமுவாஹியா என்ற ஊரில் இருந்த அரசாங்க உயர்தரப் பள்ளியில் சேர்ந்தார். பிரபல நாவலாசிரியர் சினுவா அச்செபே படித்த பள்ளி அது. பிறகு இபாதான் பல்கலைக் கழகத்தில் ஆங்கில இலக்கியம் படித்துப் பட்டம் பெற்றார்.

அவர் பள்ளிப் பையனாக இருந்தபோதுதான் ஓகோனியின் தலைவிதி மாறியது.

எண்ணெய் வந்தது, இருட்டு போயிற்று

1956-ல் நைஜர் கழிமுகத்தில் ஓலோய்பிரி என்ற கிராமத்தில் முதன்முதலாகப் பெட்ரோலியம் கண்டுபிடிக்கப்பட்டது. அப்போது நைஜீரியா பிரிட்டிஷார் ஆட்சியில் இருந்தது. எண்ணெய் தேடியது ஷெல்-பி.பி. கம்பெனி. 1958-ல் ஓகோனி நிலத்திலும் எண்ணெய் அகப்பட்டது. அதே ஆண்டில் நைஜீரியாவின் எண்ணெய் முதன்முதலாக வெளிநாட்டுக்குக் கப்பல் ஏறியது.

பூமிக்கு அடியிலிருந்து கச்சா எண்ணெய் வரும்போது கூடவே எரிவாயுவும் வரும். அந்த வாயுவைப் பிடித்து வைக்கலாம், விற்கலாம், மீண்டும் பூமிக்குள்ளேயே செலுத்தலாம். ஆனால் அதற்கு இயந்திரம் வேண்டும், முதல் போட வேண்டும். கிணற்றருகே ஒரு குழாயை நட்டுக் கொளுத்திவிட்டால் செலவே இல்லை. கம்பெனிகள் செலவில்லாத வழியைத் தேர்ந்தெடுத்தன. கிராமங்களுக்கு வெகு அருகில் இரவு பகலாக நெருப்பு எரிந்தது. பக்கத்தில் இருந்த வீடுகளுக்கு ராத்திரி என்பதே இல்லாமல் போயிற்று. கூரையிலும் பயிரிலும் கரி படிந்தது.

எண்ணெய் கொண்டு போகும் குழாய்கள் பல இடங்களில் தரைக்கு மேலேயே, வயல்களின் நடுவே, வீட்டு வாசல்களை ஒட்டி ஓடின. குழாய் துருப்பிடிக்கும், உடையும். எண்ணெய் வழிந்து வயலில் பரவும். மழையோடு ஓடைக்குப் போகும். ஓடையிலிருந்து வேலியேற்றத்தில் அலையாத்திக் காட்டுக்குள் நுழையும். அங்கே சேற்றில் தங்கிவிட்டால் பிறகு எளிதில் போகாது. மீன் குஞ்சு பொரிக்கும் இடம் அதுதான். 1970-ல் ஓகோனியில் போமு என்ற இடத்துக் கிணறு ஒன்று வெடித்து, எண்ணெய் பீறிட்டுச் சுற்றுவட்டார நிலங்களைப் பாழாக்கியது. அந்த ஆண்டிலேயே ஓகோனித் தலைவர்கள் ராணுவ கவர்னருக்கு மனுக் கொடுத்தார்கள். மனுவினால் நிலைமை மாறவில்லை.

உத்தியோகமும் வியாபாரமும்

கென் சாரோ-விவா தொடக்கத்திலேயே போராளியாக இருந்தவர் அல்ல. அவர் வாழ்க்கையின் முதல் பாதி, படித்து முன்னுக்கு வந்த ஒரு கெட்டிக்கார மனிதரின் வாழ்க்கை.

1967-ல் நைஜீரியாவில் உள்நாட்டு யுத்தம் மூண்டது. கிழக்குப் பகுதி, பயாஃப்ரா என்ற பெயரில் தனி நாடாகப் பிரிந்தது. ஓகோனியும் அந்த எல்லைக்குள் இருந்தது. பயாஃப்ராவில் இக்போக்களின் கீழ் சிறிய இனங்கள் நசுங்கிப் போகும் என்று கென் எண்ணினார். தப்பி லாகோஸ் சென்று மத்திய அரசாங்கத்தின் பக்கம் சேர்ந்தார். போனி என்னும் துறைமுகத் தீவுக்கு நிர்வாகியாக நியமிக்கப்பட்டார். நைஜீரிய எண்ணெய் கப்பல் ஏறும் முக்கியத் துறைமுகம் அது. இருபத்தாறு வயது இளைஞருக்கு அது பெரிய பதவி. அவர் எடுத்த நிலையை இக்போக்களில் பலர் கடைசிவரை மன்னிக்கவில்லை.

யுத்தம் 1970 ஜனவரியில் முடிந்தது. புதிதாக அமைந்த ரிவர்ஸ் மாநிலத்தில் அவர் மந்திரிக்குச் சமமான கமிஷனர் பதவி வகித்தார். கல்வி உட்படச் சில இலாகாக்களைக் கவனித்தார். ஓகோனிகளுக்கு அதிக சுயாட்சி வேண்டும் என்று பேசியதால் 1973-ல் பதவி பறிபோயிற்று.

வேலை போனதும் வியாபாரத்தில் இறங்கினார். மளிகைக் கடை, நிலம், வீடு என்று பணம் சேர்த்தார். பிள்ளைகளை இங்கிலாந்தில் உயர்ந்த பள்ளிகளில் படிக்க வைத்தார். கையில் காசு வந்த பிறகுதான் மனம் விரும்பிய எழுத்துக்குத் திரும்பினார். சொந்தமாகவே ஒரு பதிப்பகமும் தொடங்கினார்.

1985-ல் அவருடைய 'சோசாபாய்' நாவல் வெளிவந்தது. எதற்காகச் சண்டை என்றே தெரியாமல் ராணுவத்தில் சேரும் ஒரு கிராமத்துப் பையனின் கதை. இலக்கண ஆங்கிலத்தை ஒதுக்கிவிட்டு, கடைத்தெருவிலும் லாரி ஷெட்டிலும் புழங்கும் கொச்சை ஆங்கிலத்தில் அதை எழுதினார். ஆப்பிரிக்காவின் சிறந்த நாவல்களில் ஒன்றாக அது மதிக்கப்படுகிறது.

அதே ஆண்டில் தொடங்கிய 'பாசி அண்டு கம்பெனி' டெலிவிஷன் நாடகம்தான் அவர் பெயரை வீடு வீடாகக் கொண்டு சேர்த்தது. லாகோஸ் நகரில் ஒற்றை அறையில் குடியிருக்கும் பாசி என்பவன்தான் கதாநாயகன். வேலைக்குப் போகமாட்டான். ஆனால் ஒரே நாளில் லட்சாதிபதியாக வேண்டும் என்று தினம் ஒரு திட்டம் போடுவான். வாடகை பாக்கி கேட்டு வீட்டுக்காரி கதவைத் தட்டுவாள். சுமார் 150 வாரங்கள் ஓடிய அந்த நாடகத்தை மூன்று கோடிப் பேர் வரை பார்த்ததாக மதிப்பிடப்பட்டது. உழைக்காமல் வரும் எண்ணெய்ப் பணம் ஒரு நாட்டின் புத்தியை எப்படிக் கெடுக்கிறது என்பதைத்தான் அவர் சிரிக்கச் சிரிக்கச் சொன்னார். சிரித்தவர்களில் மந்திரிகளும் ராணுவ அதிகாரிகளும் இருந்திருப்பார்கள்.

வேலியே பயிரை மேய்ந்தது

இவ்வளவு நடந்தும் அரசாங்கம் ஏன் கம்பெனியைத் தட்டிக் கேட்கவில்லை? காரணம் எளிது. கம்பெனியின் தொழிலில் அரசாங்கமே பெரிய பங்காளி. ஷெல் நடத்திய கூட்டுத் தொழிலில் பாதிக்கு மேற்பட்ட பங்கு நைஜீரிய அரசாங்க எண்ணெய்க் கழகத்துக்குச் சொந்தம். ஏற்றுமதி வருமானத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் எண்ணெயிலிருந்தே வந்தது. கிணறு ஒரு நாள் நின்றால் கஜானாவுக்கு நஷ்டம். குழாயைப் புதுப்பிக்கச் சொன்னால் அந்தச் செலவில் பாதிக்கு மேல் அரசாங்கத்தின் தலையில் விழும். தண்டிக்க வேண்டியவரும் தண்டனை பெற வேண்டியவரும் ஒரே கடையின் கூட்டாளிகள்.

சட்டம் இல்லாமல் இல்லை. 1969-ம் ஆண்டுச் சட்டம் பூமிக்கு அடியில் உள்ள எண்ணெய் முழுவதும் அரசாங்கத்துக்கே சொந்தம் என்றது. 1978-ம் ஆண்டுச் சட்டம் நிலத்தையும் கவர்னர்கள் பொறுப்பில் கொண்டுவந்தது. பாட்டன் பூட்டன் காலத்து வயல் என்று விவசாயி வாதாட வழியில்லை. பயிருக்கு ஏதோ நஷ்ட ஈடு கிடைக்கும், அவ்வளவுதான். இந்தச் சட்டங்கள் உடனுக்குடன் அமலுக்கு வந்தன.

எரிவாயுவைக் கொளுத்துவதை நிறுத்தவும் 1979-ல் ஒரு சட்டம் வந்தது. 1984-ம் ஆண்டு ஜனவரி 1-ந் தேதி கெடு. கெடு வந்தது, நெருப்பு அணையவில்லை. விதிவிலக்குக் கொடுத்தார்கள். எரிப்பவர் சிறு அபராதம் கட்டினால் போதும் என்றார்கள். அபராதம் கட்டுவது இயந்திரம் வைப்பதைவிட மலிவாக இருந்தது. பிறகு கெடு தள்ளிப் போய்க்கொண்டே இருந்தது.

1988-ல் இத்தாலியிலிருந்து கொண்டுவந்த விஷக் கழிவுப் பீப்பாய்களைக் கோகோ என்ற கழிமுகத் துறைமுக ஊரில் கொட்டியிருந்தது வெளிப்பட்டது. அரசாங்கம் கொதித்தெழுந்தது. சுற்றுச்சூழல் பாதுகாப்புக்கு என்று தனி அமைப்பே ஏற்படுத்தியது. அன்னியன் கொட்டிய விஷத்துக்கு வந்த கோபம், முப்பது வருஷமாகத் தன் பங்குக் கம்பெனி கொட்டிய எண்ணெய்க்கு வரவில்லை.

பணக் கணக்கும் இப்படித்தான். சுதந்திரம் அடைந்தபோது, விளைபொருளிலிருந்து வரும் வரியில் பாதி அது விளைந்த பகுதிக்கே திரும்ப வேண்டும் என்ற விதி இருந்தது. அப்போது பெரிய இனத்தார் பகுதிகளில் கோக்கோவும் நிலக்கடலையும் விளைந்தன. எண்ணெய் முக்கியமானதும், அது சிறிய இனங்களின் நிலத்திலிருந்து வந்ததும், அந்தப் பங்கு படிப்படியாகக் குறைந்து 1980-களில் 1.5 சதவீதம் ஆயிற்று. சாரோ-விவா மீண்டும் மீண்டும் எடுத்துக் காட்டிய கணக்கு இதுதான். கூட்டல் கழித்தல் தெரிந்த எந்த குமாஸ்தாவுக்கும் புரியும் கணக்கு.

மனுவிலிருந்து ஊர்வலத்துக்கு

1987-ல் ராணுவ ஆட்சியாளர் பாபாங்கிடா அவருக்கு ஒரு பதவி கொடுத்தார். மக்களாட்சிக்கு நாட்டைத் தயார் செய்யும் இலாகா அது. அதில் நேர்மை இல்லை என்று கண்டு சுமார் ஓராண்டில் விலகினார். ஐம்பது வயதை நெருங்கும்போது மற்ற வேலைகளை ஒதுக்கி வைத்துவிட்டு ஓகோனிப் பிரச்னையில் முழுமூச்சாக இறங்கினார்.

1990-ல் ஓகோனித் தலைவர்கள் கூடி உரிமைப் பிரகடனம் ஒன்றைத் தயாரித்து அரசாங்கத்துக்கு அனுப்பினார்கள். தனி நாடு கேட்கவில்லை. நைஜீரியாவுக்குள்ளேயே தங்கள் காரியங்களைத் தாங்களே கவனிக்கும் உரிமை, எண்ணெய் வருமானத்தில் நியாயமான பங்கு, தங்கள் மண்ணைப் பாதுகாக்கும் அதிகாரம் ஆகியவற்றைக் கேட்டார்கள். ஓகோனி மக்கள் உயிர்வாழ்வு இயக்கம் பிறந்தது. ஆயுதம் எடுப்பதில்லை என்பது அதன் விதி.

அந்த ஆண்டின் இறுதியில் அண்டை ஊரான உமுவேச்செமில் கிராமத்தார் எண்ணெய்க் கம்பெனிக்கு எதிராகக் கிளர்ச்சி செய்தார்கள். கம்பெனி போலீஸ் பாதுகாப்புக் கேட்டது. வந்த போலீசார் சுட்டதில் சுமார் 80 பேர் இறந்தார்கள். நூற்றுக்கணக்கான வீடுகள் எரிந்தன. விசாரணைக் கமிஷன் போலீசாரைக் குறை கூறியது. சாரோ-விவாவுக்கு அது எச்சரிக்கை. உள்ளூரில் கேட்டால் துப்பாக்கிதான் பதில் சொல்லும். உலகத்தின் கண்முன் கேட்க வேண்டும் என்று முடிவு செய்தார். 1992-ல் ஜெனீவா சென்று ஐக்கிய நாடுகள் சபையின் பழங்குடிகள் குழு முன்பு தம் மக்களின் வழக்கை வைத்தார்.

அதே ஆண்டு டிசம்பரில் இயக்கம் எண்ணெய்க் கம்பெனிகளுக்கு நோட்டீஸ் அனுப்பியது. எண்ணெய்ப் பங்குக்கும் நில நாசத்துக்கும் சேர்த்து 1,000 கோடி டாலர் தர வேண்டும். கெடு 30 நாள். கம்பெனிகள் பணம் தரவில்லை.

1993-ம் ஆண்டு ஜனவரி 4-ந் தேதி ஓகோனி ஊர்களில் சுமார் மூன்று லட்சம் பேர் தெருவுக்கு வந்தார்கள். ஐந்து லட்சம் பேர் கொண்ட இனத்தில் மூன்று லட்சம்! கிழவர்களும் கைக்குழந்தைக்காரிகளும் பச்சிலைக் கொத்துகளை ஏந்தி நடந்தார்கள். ஒரு கல் கூட எறியப்படவில்லை. அந்த ஆண்டு ஷெல் கம்பெனி ஓகோனியில் எண்ணெய் எடுப்பதை நிறுத்தி வெளியேறியது.

அந்த வெற்றியின் காலம் அவருக்குச் சோகத்தின் காலமாகவும் ஆயிற்று. 1993 மார்ச்சில், இங்கிலாந்துப் பள்ளியில் படித்துவந்த அவருடைய 14 வயது மகன் விளையாட்டு மைதானத்தில் விழுந்து இறந்தான். துக்கம் ஆறுமுன்பே அடுத்த அடிகள் விழுந்தன. ஏப்ரலில் குழாய் பதிக்க வந்தவர்களைத் தடுத்த விவசாயிகள் மீது ராணுவத்தார் சுட்டார்கள். மே மாதம், நாட்டைப் பிரிக்கும்படி பேசினாலே மரண தண்டனை என்று ஓர் அவசரச் சட்டம் வந்தது. ஜூனில் சாரோ-விவா கைது செய்யப்பட்டு ஒரு மாதமும் ஒரு நாளும் சிறையில் இருந்தார்.

வீட்டுக்குள் விழுந்த விரிசல்

இயக்கத்துக்குள்ளும் பிளவு வந்தது. 1993 ஜூன் மாதம் நடந்த ஜனாதிபதி தேர்தலைப் பகிஷ்கரிக்க வேண்டும் என்று சாரோ-விவாவும் இளைஞர்களும் சொன்னார்கள். மூத்த தலைவர்கள் வேண்டாம் என்றார்கள். பகிஷ்காரம் நிறைவேறியது, மூத்தவர்கள் பதவி விலகினார்கள். சாரோ-விவா தலைவரானார். விலகியவர்கள் அரசாங்கத்துக்கு விலைபோய்விட்டார்கள் என்று கிராமங்களில் பேச்சுப் பரவியது. இளைஞர்களின் கோபம் கட்டுக்கு அடங்காமல் வளர்ந்தது. அதை அடக்க அவர் இன்னும் அதிகம் செய்திருக்கலாம் என்று சொல்பவர்களும் உண்டு.

அதே ஆண்டு நவம்பரில் தளபதி அபாச்சா ஆட்சியைக் கைப்பற்றினார். ஓகோனிக்கு என்று தனி ராணுவப் படை வந்தது.

1994-ம் ஆண்டு மே 21-ந் தேதி கியோக்கூ என்ற ஊரில் ஒரு கூட்டத்துக்கு வந்திருந்த நான்கு ஓகோனித் தலைவர்களை ஒரு கும்பல் அடித்துக் கொன்றது. எட்வர்ட் கோபானி, ஆல்பர்ட் பாடே, சாமுவேல் ஓராஜ், தியோஃபிலஸ் ஓராஜ் ஆகியோர் இறந்தவர்கள். கோபானி ஒரு காலத்தில் சாரோ-விவாவின் நண்பர். இயக்கத்தின் துணைத் தலைவராகவும் இருந்தவர். அது கொடிய செயல். அந்த நான்கு குடும்பங்களின் துக்கமும் உண்மையான துக்கம்.

அன்று சாரோ-விவா அந்த ஊரில் இல்லை. அந்தப் பகுதிக்குள் போகவிடாமல் ராணுவத்தார் அவரைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். ஆனாலும் மறுநாள் அவர் கைது செய்யப்பட்டார். கொலைகாரர்களைத் தேடுவதாகச் சொல்லி ராணுவத்தார் கிராமம் கிராமமாகப் புகுந்து அடித்தார்கள், கொளுத்தினார்கள்.

ரொட்டிக் கூடையில் வந்த கடிதங்கள்

பல மாதங்கள் குற்றச்சாட்டே இல்லாமல் அவரை அடைத்து வைத்திருந்தார்கள். காலில் விலங்கு பூட்டினார்கள். இருதய நோய்க்கு மருந்து கொடுக்கவும் தயங்கினார்கள். சிறைக்குள் இருந்தபடியே அவர் எழுதினார். ஓகோனிகளுக்கு உதவிவந்த மஜெல்லா மெக்கரன் என்ற அயர்லாந்து கன்னியாஸ்திரீக்கு அவர் எழுதிய கடிதங்களும் கவிதைகளும் ரொட்டிக் கூடைகளில் மறைத்து வெளியே கொண்டுவரப்பட்டன. அவற்றை அயர்லாந்தில் ஒரு பல்கலைக் கழகம் பாதுகாத்து வருகிறது. 1994-ல் ஸ்வீடனின் 'ரைட் லைவ்லிஹுட்' விருதும், 1995-ல் அமெரிக்காவின் கோல்ட்மன் சுற்றுச்சூழல் பரிசும் அவருக்கு அளிக்கப்பட்டன. பரிசு பெற அவரால் போக முடியவில்லை.

வழக்கு சாதாரணக் கோர்ட்டில் நடக்கவில்லை. அதற்கென்று தனி நியாயசபை அமைத்தார்கள். அதில் ஒரு ராணுவ அதிகாரியும் உட்கார்ந்தார். தீர்ப்பின் மேல் அப்பீல் கிடையாது. ராணுவ ஆட்சிக் குழு ஒப்புக்கொண்டால் தண்டனை நிறைவேறும். நியாயம் கிடைக்காது என்று கண்ட பிரபல வக்கீல்கள் பாதியிலேயே விலகினார்கள். அரசாங்கத் தரப்பு சாட்சிகளில் இருவர், பொய்ச் சாட்சி சொல்லத் தங்களுக்குப் பணமும் வேலையும் தருவதாகச் சொன்னார்கள் என்று பிரமாணப் பத்திரம் கொடுத்தார்கள். கம்பெனியின் பெயரும் அதில் அடிபட்டது. கம்பெனி அதை முற்றிலும் மறுத்தது.

1995 அக்டோபர் கடைசியில் தீர்ப்பு வந்தது. இயக்கத்தின் துணைத் தலைவர் லெடும் மிட்டீ உட்படச் சிலர் விடுதலை ஆனார்கள். சாரோ-விவாவுக்கும் எட்டுப் பேருக்கும் தூக்கு. நவம்பர் 8-ந் தேதி ராணுவக் குழு தண்டனையை உறுதி செய்தது. இரண்டே நாள். பத்தாம் தேதி எல்லாம் முடிந்துவிட்டது. உடல்களைக் குடும்பத்தாரிடம் கொடுக்கவில்லை. வயது முதிர்ந்த தந்தை ஜிம் விவா அப்போது உயிரோடு இருந்தார்.

அந்த நேரத்தில் நியூஜிலாந்தின் ஆக்லாந்து நகரில் காமன்வெல்த் நாடுகளின் தலைவர்கள் கூடியிருந்தார்கள். அமைதியாகப் பேசியே உயிரைக் காப்பாற்றலாம் என்று நம்பியிருந்த நெல்சன் மண்டேலா கடுங்கோபம் கொண்டார். மறுநாளே நைஜீரியா காமன்வெல்த்திலிருந்து தாற்காலிகமாக நீக்கப்பட்டது. பல நாடுகள் தங்கள் தூதர்களைத் திருப்பி அழைத்துக்கொண்டன. ஆனால் நைஜீரிய எண்ணெயை வாங்குவதைப் பெரிய நாடு எதுவும் நிறுத்தவில்லை.

அவருக்குப் பிறகு

1998 ஜூனில் அபாச்சா திடீரென்று இறந்தார். 1999-ல் மக்களாட்சி திரும்பியது. புதிய அரசியல் சட்டம் எண்ணெய் வருமானத்தில் 13 சதவீதம் எண்ணெய் எடுக்கும் மாநிலங்களுக்குத் தர வேண்டும் என்றது. 2001-ல் ஆப்பிரிக்க மனித உரிமைக் கமிஷன், நைஜீரிய அரசாங்கம் ஓகோனி மக்களின் உரிமைகளை மீறியது என்று முடிவு கூறியது.

2009-ல், தூக்கிலிடப்பட்டவர்களின் குடும்பத்தார் அமெரிக்காவில் தொடுத்த வழக்கில் ஷெல் கம்பெனி 1 கோடியே 55 லட்சம் டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. குற்றத்தை ஒப்புக்கொள்ளவில்லை. தூக்குத் தண்டனையில் தனக்குப் பங்கே இல்லை, கருணை காட்டும்படி கடிதம் கூட எழுதினோம் என்பது அதன் நிலை. 2008-ல் போடோ என்ற ஓகோனி ஊரில் குழாய் உடைந்து ஓடைகள் நாசமானதற்கு 2015-ல் 5 கோடியே 50 லட்சம் பவுன் கொடுத்தது.

அவர் சொன்னதெல்லாம் மிகையா என்ற கேள்விக்கு 2011-ல் விடை கிடைத்தது. ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் அமைப்பின் நிபுணர்கள் 14 மாதங்கள் ஓகோனியில் 200-க்கும் மேற்பட்ட இடங்களைச் சோதித்தார்கள். கம்பெனி 1993-லேயே போய்விட்டது. ஆனால் எண்ணெய் போகவில்லை. பல இடங்களில் ஐந்து மீட்டர் ஆழம் வரை மண்ணில் இறங்கியிருந்தது. நிசிசியோக்கன் ஓகாலே என்ற ஊரில் குடிக்கும் கிணற்று நீரில், புற்றுநோய் உண்டாக்கும் பென்சீன், உலக சுகாதார ஸ்தாபனம் விதித்த அளவைப்போல் 900 மடங்குக்கு மேல் இருந்தது. கம்பெனி தன் சொந்த விதிகளையே சரிவரப் பின்பற்றவில்லை என்றும், அரசாங்க இலாகாக்களுக்குச் சோதிக்க ஆளும் கருவியும் போதவில்லை என்றும் அறிக்கை கூறியது. பிழைப்புக்கு வேறு வழியில்லாத சிலர் எண்ணெய் திருடிக் கள்ளத்தனமாகக் காய்ச்சுவதும் கேட்டை அதிகமாக்கியது என்று சொல்லத் தவறவில்லை. முழுதும் சுத்தம் செய்ய 25 முதல் 30 ஆண்டுகள் ஆகும். முதல் தவணையாக மட்டும் 100 கோடி டாலர் வேண்டும் என்றது.

அறிக்கை வந்து ஐந்தாண்டு கழித்து, 2016-ல்தான் சுத்தம் செய்யும் பணிக்குத் தொடக்க விழா நடந்தது. வேலை மெதுவாகவே நகர்ந்தது. 2025 மார்ச்சில் ஷெல் தன் கழிமுகத் தரைப்பகுதித் தொழிலை வேறொரு கூட்டு நிறுவனத்துக்கு விற்றுவிட்டது.

2025-ம் ஆண்டு ஜூன் 12-ந் தேதி ஜனாதிபதி டினுபு, தூக்கிலிடப்பட்ட ஒன்பது பேருக்கும் மன்னிப்பு வழங்கினார். தேசிய விருதும் அறிவித்தார். முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு வந்த அந்த மன்னிப்பைக் கேட்டு உறவினர்களில் பலர் மகிழவில்லை. மன்னிப்பு என்பது குற்றம் செய்தவனுக்குக் கொடுப்பது. குற்றமே இல்லை என்று கோர்ட்டு தீர்ப்பைத் துடைத்தெறிய வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை.

இந்தியா பல ஆண்டுகளாக நைஜீரியக் கச்சா எண்ணெயை வாங்கி வந்திருக்கிறது. அதில் பேர்பெற்ற ரகம், சாரோ-விவா இளைஞராக நிர்வகித்த போனித் துறைமுகத்தின் பெயரையே தாங்கியது. அந்த எண்ணெயில் ஒரு துளி நம் ஊர் பஸ்ஸிலும் எரிந்திருக்கலாம். டிக்கெட்டில் அச்சான கட்டணத்தைக் கொடுத்துவிட்டு நாம் இறங்கிப் போயிருப்போம். ஓகாலே கிராமத்துக் கிணற்றின் விலை அந்தக் கட்டணத்தில் சேரவில்லை. அதையும் கணக்கில் எழுத வேண்டும் என்று கேட்டவர்தான் கென் சாரோ-விவா.